“எப்படிக் கட்டினீர்கள்?”: வெளிநாட்டு வாசகர்களின் இணையக் கடைக் கேள்விகள்

வெளிநாட்டில் இருந்துகொண்டு இணையத்தில் பொருள் வாங்கிப் பணத்தைப் பறிகொடுத்தவர்கள், கடைசி நிமிடத்தில் சுதாரித்துத் தப்பியவர்கள், பயத்தில் எதையுமே வாங்காமல் இருப்பவர்கள் என்று இந்த முறை வந்த கடிதங்கள் ஏராளம். வங்கி ஒன்றின் அட்டைப் புகார்ப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். “பணம் போய்விட்டது, திரும்ப வருமா?” என்று தவிப்போடு வருகிறவர்களிடம் அங்கே நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, “எப்படிக் கட்டினீர்கள்?” என்பதுதான். கார்டா, வங்கிப் பரிமாற்றமா, செயலியா? பாதி பதில் அதிலேயே கிடைத்துவிடும். கீழே உள்ள பதில்களிலும் அந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வரும். பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் வெளியிடவில்லை.

அக்கா, படிப்பதற்காக லண்டன் வந்திருக்கிறேன். இன்ஸ்டாகிராம் விளம்பரம் ஒன்றைப் பார்த்து லேப்டாப் வாங்கப் பணம் கட்டினேன். கடையை மூடுவதால் பெரிய தள்ளுபடி என்று போட்டிருந்தது. கார்டு வசதி இப்போது வேலை செய்யவில்லை, வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் விலையை இன்னும் குறைக்கிறோம் என்றார்கள். அனுப்பினேன். இரண்டு வாரமாகப் பதில் இல்லை, இன்று அந்தத் தளமே திறக்கவில்லை. நானாகத்தானே அனுப்பினேன்? வங்கியிடம் எந்த முகத்தோடு போய்க் கேட்பது?
(மாணவர், லண்டன்)

தம்பி, இந்த முகத்தோடே போங்கள். “நானாகத்தானே அனுப்பினேன்” என்ற நினைப்பால்தான் பலர் வங்கியின் வாசலுக்கே போகாமல் இருந்துவிடுகிறார்கள். பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல் நடைமுறையில் இருக்கும் விதி, ஏமாற்றப்பட்டுத் தன் கையாலேயே பணம் அனுப்பியவர்களுக்காகவே வந்தது. பிரிட்டனுக்குள் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு ஃபாஸ்டர் பேமென்ட்ஸ் என்ற உடனடி வங்கிப் பரிமாற்றம் வழியாகப் போன பணத்தை 85,000 பவுண்டு வரை வங்கி திருப்பித் தர வேண்டும். கடைசியாக அனுப்பிய நாளிலிருந்து 13 மாதத்துக்குள் கேட்க வேண்டும். வழக்கமாக 5 வேலை நாட்களில் முடிவு வரும். விசாரணை தேவைப்பட்டால் 35 வேலை நாள் வரை இழுக்கலாம். 100 பவுண்டு வரை வங்கி கழித்துக்கொள்ள இடம் உண்டு.

கேட்கும் விதத்தில் கவனம் வேண்டும். “கடைக்காரரோடு பிரச்சினை” என்று ஆரம்பிக்காதீர்கள். பொருள் தாமதமாக வந்தது, தரம் சரியில்லை என்கிற வியாபாரத் தகராறுகள் இந்த விதிக்குள் வராது. கடையே பொய், லேப்டாப்பே கிடையாது, கார்டு வேலை செய்யவில்லை என்று சொல்லி வங்கிப் பரிமாற்றத்துக்குத் தள்ளினார்கள் என்று நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்லுங்கள். விளம்பரம், அரட்டை, கணக்கு எண் எல்லாவற்றையும் இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நாளைக்கு அவை அழிக்கப்பட்டிருக்கலாம். 159 என்ற எண்ணை அழைத்தால் பெரும்பாலான பெரிய வங்கிகளுக்கு நேரடியாக இணைப்பார்கள். அப்படிப் போனால் போலி வாடிக்கையாளர் சேவையிடம் சிக்க மாட்டீர்கள். வங்கி மறுத்துவிட்டால், வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ஃபைனான்சியல் ஆம்புட்ஸ்மேன் அலுவலகத்துக்குப் போகலாம். அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

அனுப்பும்போது “பெயர் பொருந்தவில்லை” என்று வங்கிச் செயலி எச்சரித்ததா என்று நினைத்துப் பாருங்கள். கடையின் பெயர் ஒன்றாகவும் கணக்கு வேறு யாரோ தனி நபரின் பெயரிலும் இருந்தால், அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். இனிமேல் வாங்கும்போது இதை மறக்காதீர்கள். எச்சரிக்கையைத் தாண்டி அனுப்பியிருந்தாலும் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே கோரிக்கை தள்ளுபடியாகிவிடும் என்று பயப்பட வேண்டாம்.

இதே லேப்டாப்பை கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால் கதை வேறு. 1974-ம் ஆண்டின் கன்ஸ்யூமர் கிரெடிட் சட்டத்தின் 75-வது பிரிவுப்படி, விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை உள்ள பொருளுக்கு, விற்றவரோடு சேர்த்து கார்டு கொடுத்த வங்கியும் பொறுப்பு. புதிதாக வந்த மாணவருக்கு கிரெடிட் கார்டு கிடைப்பது எளிதல்ல என்று எனக்குத் தெரியும். டெபிட் கார்டாக இருந்தாலும், கட்டிய பணத்தை வங்கி மூலம் கடையிடமிருந்து திரும்பப் பெறும் ‘சார்ஜ்பேக்’ கேட்கலாம். அது சட்டம் அல்ல, விசா, மாஸ்டர்கார்டு அமைப்புகளின் விதி. பொருள் வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து பொதுவாக 120 நாள் அவகாசம் இருக்கும். ஆகவே “கார்டு இப்போது வேலை செய்யவில்லை” என்று ஒரு கடை சொன்னால், உங்களுக்கு இருக்கிற பாதுகாப்பைக் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மெல்பர்னில் இருக்கிறேன். கடையின் பெயரிலேயே எங்கள் ஊர்ப் பெயர் இருந்தது. அம்மாவும் மகளும் சேர்ந்து நடத்திய சிறிய துணிக்கடை, கனத்த மனதோடு மூடுகிறோம் என்று எழுதியிருந்ததைப் படித்து, உதவியாக இருக்கட்டுமே என்று இரண்டு உடுப்பு வாங்கினேன். வந்தது மெல்லிய பாலியெஸ்டர் துணி. திருப்பி அனுப்பக் கேட்டால் வேறு நாட்டு முகவரியைத் தருகிறார்கள். “நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், 20 சதவீதம் திருப்பித் தருகிறோம்” என்கிறார்கள். இது மோசடியா, மோசமான கடையா?
(வாசகி, ஆஸ்திரேலியா)

உங்கள் இரக்கத்தைப் பயன்படுத்திக்கொண்டார்கள், சகோதரி. இதை ‘கோஸ்ட் ஸ்டோர்’ என்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் நுகர்வோர் ஆணையமான ஏசிசிசி, 2025-ல் இப்படிப்பட்ட கடைகளைப் பற்றிப் பொது எச்சரிக்கையே வெளியிட்டது. ஊர்ப் பெயரைச் சூட்டிக்கொண்ட கடை, குடும்பக் கதை, மூடுவிழாத் தள்ளுபடி எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. அந்த ஊரில் அவர்களுக்குக் கதவும் கிடையாது, தொலைபேசியும் கிடையாது.

அந்த 20 சதவீதத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒப்புக்கொண்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டால், “வாடிக்கையாளரோடு சமரசம் ஆகிவிட்டது” என்று அதையே வங்கியிடம் காட்டுவார்கள். நீங்கள் மறுத்தால் 30 சதவீதம் என்பார்கள், பிறகு 40 என்பார்கள். ஒவ்வொரு கடிதத்துக்கும் சில நாள் போகும். சார்ஜ்பேக் கேட்கும் கெடு கடக்கும் வரை பேச்சை இழுப்பதுதான் நோக்கம். பொருள் விவரித்தபடி இல்லை, முழுப் பணமும் வேண்டும் என்று ஒரு முறை எழுதுங்கள். விளம்பரப் படத்தையும் வந்த துணியின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வங்கிக்கு அனுப்பிவிடுங்கள்.

புகார்ப் பிரிவில் இருந்தபோது நான் அடிக்கடி பார்த்த இன்னொரு தந்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். பொருளே அனுப்பாமல், அதே அஞ்சல் குறியீட்டில் இருக்கும் வேறு ஏதோ ஒரு வீட்டுக்கு வெறும் உறையை அனுப்புவார்கள். டிராக்கிங்கில் “டெலிவரி ஆகிவிட்டது” என்று வந்துவிடும். பலர் அதைப் பார்த்துவிட்டு, யாரோ திருடியிருப்பார்கள் என்று விட்டுவிடுகிறார்கள். கூரியர் நிறுவனத்தையே கேட்டு, எந்த முகவரிக்குப் போனது, என்ன எடை என்று எழுத்தில் வாங்குங்கள். லேப்டாப் இருக்க வேண்டிய பொட்டலத்தின் எடை சில கிராம் என்று கூரியரே எழுதிக் கொடுத்தால், அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

வாங்குவதற்கு முன் பார்க்க ஒரே ஒரு வேலை சொல்லச் சொன்னால், அந்தத் தளத்தின் பெயர் எப்போது பதிவானது என்று பாருங்கள் என்பேன். இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பின் தேடல் பக்கத்தில் பெயரைத் தட்டினால் பதிவான தேதி பெரும்பாலும் வந்துவிடும். “முப்பது வருடப் பாரம்பரியம்” என்று சொல்லும் கடையின் தளம் போன மாதம்தான் பிறந்திருக்கும்.

சிங்கப்பூரில் இருக்கிறேன். நிஜமாகவே ஒரு பார்சலுக்குக் காத்திருந்த நேரத்தில், “முகவரி சரியில்லை, மறுபடி அனுப்பச் சிறு கட்டணம்” என்று செய்தி வந்தது. சில்லறைக் காசுதானே என்று கார்டு எண்ணையும் பிறகு வந்த ஓடிபியையும் போட்டுவிட்டேன். சிறிது நேரத்தில் யாரோ என் கார்டில் கடை கடையாக வாங்கிவிட்டார்கள். கார்டு என் பையில்தான் இருக்கிறது. எப்படி முடிந்தது? நான் பார்சலுக்குக் காத்திருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?
(வாசகி, சிங்கப்பூர்)

அந்த ஓடிபி சில்லறைக் கட்டணத்துக்கு வந்ததாக நினைத்தீர்கள். வந்த செய்தியை இப்போது ஒரு முறை முழுதாகப் படித்துப் பாருங்கள். ஆப்பிள் பே அல்லது கூகுள் பேயில் கார்டைச் சேர்ப்பதற்கான எண் என்று அதில் பெரும்பாலும் எழுதியிருக்கும். நீங்கள் போட்ட எண்களை அவர்கள் தங்கள் கைபேசியில் உடனுக்குடன் போட்டு, உங்கள் கார்டைத் தங்கள் போனுக்குள் ஏற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த போனைக் கடையில் தட்டினாலே போதும், கார்டு உங்கள் பையில் இருப்பது அவர்களுக்கு ஒரு தடையே இல்லை.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது: வங்கிச் செயலியில் இருக்கும் ‘கில் ஸ்விட்ச்’ வசதியால் கணக்கையும் கார்டையும் முடக்குங்கள். சிங்கப்பூரின் பெரிய வங்கிகளில் இது இருக்கிறது. பிறகு வங்கியை அழைத்து, “எந்தெந்தக் கருவியில் என் கார்டு ஏற்றப்பட்டிருக்கிறது?” என்று கேட்டு, உங்களுடையது தவிர மற்றதை நீக்கச் சொல்லுங்கள். புதிய கார்டு வந்தால் போதும் என்று இதை விட்டுவிடாதீர்கள், இதைத் தனியாகக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். காவல்துறையில் புகார் பதிந்து, அதன் எண்ணை வங்கிக்குக் கொடுங்கள். சந்தேகம் வந்தால் கேட்பதற்கு 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு எண் இருக்கிறது.

நீங்கள் பார்சலுக்குக் காத்திருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறீர்கள். தெரியாது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு அனுப்பினால், காத்திருக்கும் சிலர் இருக்கத்தான் செய்வார்கள். சிங்கப்பூரில் 2023 ஜனவரி கடைசியிலிருந்து, பதிவு செய்யாத பெயரில் வரும் எஸ்எம்எஸ்களுக்கு ‘லைக்லி ஸ்கேம்’ என்ற முத்திரை விழுகிறது. ஆனால் ஐமெசேஜ், வாட்ஸ்அப் வழியாக வருபவை இந்த வலைக்குள் வராது. முத்திரை இல்லை என்பதால் செய்தி நல்லது என்று ஆகாது.

புதிய நாட்டில் இது நம்மை எளிதாகப் பிடிக்கக் காரணம் உண்டு. இந்த ஊர் அஞ்சல் துறை எஸ்எம்எஸ் அனுப்புமா, சுங்க வரியை இப்படித்தான் கேட்பார்களா என்று நமக்குத் தெரியாது. சில நாடுகளில் வெளிநாட்டுப் பார்சலுக்கு நிஜமாகவே வரி கட்டச் சொல்லி அறிவிப்பு வரும். அதனால் உண்மையா பொய்யா என்று செய்தியை வைத்தே கண்டுபிடிக்க முயல வேண்டாம். செய்தியை மூடுங்கள். பொருள் வாங்கிய கடையின் செயலியைத் திறந்து, அங்கே இருக்கும் டிராக்கிங் எண்ணை கூரியரின் தளத்தில் நீங்களே தட்டிப் பாருங்கள். கட்டணம் உண்மையாக இருந்தால் அங்கேயும் காட்டும்.

டொரன்டோவில் எங்கள் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஊருக்குப் போகிற விமான டிக்கெட்டை மற்ற எல்லோரையும்விடக் குறைத்துத் தருகிறார். குழுவில் சிலர் வாங்கிப் போயும் வந்திருக்கிறார்கள். வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக அனுப்பும் இன்டராக் இ-டிரான்ஸ்ஃபரில்தான் பணம் வாங்குவார். பிஎன்ஆர் கொடுத்தார், விமான நிறுவனத் தளத்தில் பார்த்தேன், என் பெயர் இருக்கிறது. அப்படியானால் நம்பலாம்தானே?
(வாசகர், கனடா)

ஐயா, நல்லவேளை, பணம் அனுப்பும் முன் எழுதினீர்கள்.

பிஎன்ஆர் என்பது ஆறு எழுத்து எண்களில் வரும் முன்பதிவுக் குறி. இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதற்குத்தான் அது அடையாளம். பணம் கட்டாமலேயே இடத்தைச் சில மணி நேரமோ சில நாளோ பிடித்து வைக்க முகவர்களால் முடியும். கெடு முடிந்ததும் அது தானாக ரத்தாகிவிடும். டிக்கெட் என்பது 13 இலக்க எண். முதல் மூன்று இலக்கம் விமான நிறுவனத்தைக் குறிக்கும். அந்த எண்ணைக் கேட்டு வாங்கி, விமான நிறுவனத்தை நீங்களே அழைத்து, டிக்கெட் வழங்கப்பட்டுவிட்டதா என்று கேளுங்கள்.

அதுவும் இருக்கிறது என்றால்கூட ஒரு ஆபத்து பாக்கி. திருடப்பட்ட கார்டில் டிக்கெட் எடுத்து மலிவாக விற்பவர்கள் உண்டு. கார்டின் சொந்தக்காரர் எப்போது விழித்துக்கொண்டு வங்கியில் சொல்கிறாரோ, அப்போது டிக்கெட் ரத்தாகும். சிலருக்கு அதற்குள் பயணம் முடிந்துவிடுகிறது. “போய்விட்டு வந்தார்களே” என்று நீங்கள் சொல்லும் சாட்சி அப்படியும் உருவாகியிருக்கலாம். சிலருக்குப் போகும்போது எல்லாம் சரியாக இருந்து, திரும்பி வரும் நாளில் விமான நிலையத்தில் “உங்கள் பெயரில் டிக்கெட் இல்லை” என்று சொல்லிவிடுவார்கள். குழந்தைகளோடு, விடுமுறை முடிகிற நேரத்தில், அன்றைய விலையில் புது டிக்கெட் வாங்குவது எப்படிப்பட்ட அடி என்று நினைத்துப் பாருங்கள். அந்த மனிதர் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவரே வேறொருவரிடம் வாங்கி விற்பவராகவும், அவருக்கே விவரம் தெரியாதவராகவும் இருக்கலாம்.

ஆகவே மனிதரை எடைபோடுவதை விட்டுவிட்டு இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, டொரன்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் பயணச் சீட்டு விற்பவர், பயண முகவர்களை ஒழுங்குபடுத்தும் டிகோ (TICO) அமைப்பில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண் என்ன என்று கேட்டு, அந்த அமைப்பின் தளத்தில் பாருங்கள். பதிவு பெற்ற முகவர் நொடித்துப் போனால் ஈடு கேட்க நிதி ஒன்று இருக்கிறது, பதிவில்லாதவரிடம் வாங்கினால் அதற்கு வழியில்லை. இரண்டு, கிரெடிட் கார்டில் கட்டலாமா? இ-டிரான்ஸ்ஃபர் எதிராளியின் கணக்கில் விழுந்த பிறகு திரும்ப எடுக்க முடியாது. பணம் தானாகவே கணக்கில் சேரும் ஆட்டோ டெபாசிட் வசதியை அவர் வைத்திருந்தால் அனுப்பிய கணமே விழுந்துவிடும்.

இந்த இடத்தில் மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் தமிழில் பேசுகிற ஒருவரைக் கண்டால் நமக்கு வருகிற நிம்மதி பெரிய செல்வம், அதை இழக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். வீடு தேட, பள்ளி விசாரிக்க, உடம்பு சரியில்லாதபோது ஓடி வர அந்தக் குழுக்கள்தான் கைகொடுக்கின்றன. ஆனால் மொழி ஒன்று என்பதால் பணத்துக்கான ரசீது தேவையில்லை என்று ஆகிவிடாது. “அண்ணா, தப்பா நினைக்காதீங்க, பதிவு எண் வேணும், கார்டுலதான் கட்டுவேன்” என்று சொல்லிப் பாருங்கள். நேர்மையாக வியாபாரம் செய்கிறவர் கோபப்பட மாட்டார். குழுவை நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: விற்பனைச் செய்தி போடுகிறவர் பதிவு எண்ணையும் சேர்த்துப் போட வேண்டும் என்று ஒரு விதி வையுங்கள். கேட்கக் கூச்சப்படுகிற புது ஆட்களை அது காப்பாற்றும்.

ஜெர்மனிக்கு வேலைக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. ஜெர்மன் சரியாகத் தெரியாது. எல்லாத் தளமும் ஒரே மாதிரி தெரிகிறது. எதை நம்புவது? பழைய பொருள் விற்பவர்கள் பேபாலில் ‘நண்பர்கள், குடும்பம்’ என்று அனுப்பச் சொல்கிறார்கள். அது சரியா?
(வாசகர், மியூனிக்)

இரண்டாவதுக்கு முதலில் பதில்: சரியில்லை. ‘நண்பர்கள், குடும்பம்’ என்று அனுப்பினால் வாங்குபவருக்கான பாதுகாப்பு கிடையாது. ‘பொருள், சேவை’ என்று அனுப்பினால் 180 நாள் வரை புகார் எழுப்பலாம். அதற்கு ஒரு சிறு கட்டணம் விற்பவருக்குப் பிடிக்கப்படும். அந்தக் கட்டணத்தை நானே தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். அப்போதும் மறுத்தால் விலகிவிடுங்கள்.

முதல் கேள்விக்கு, மொழி தெரியாமலேயே பார்க்கக்கூடிய இரண்டு அடையாளம் ஜெர்மனியில் இருக்கின்றன. வியாபாரத் தளம் ஒவ்வொன்றிலும் ‘இம்ப்ரெஸும்’ என்ற பக்கம் இருக்க வேண்டும் என்பது சட்டம். நிறுவனத்தின் முழுப் பெயர், முகவரி, தொடர்பு விவரம் அதில் இருக்கும். இல்லாவிட்டால் வாங்க வேண்டாம். இருந்தாலும் அந்தப் பெயரை வெளியே தேடிப் பாருங்கள், வேறு நிறுவனத்தின் விவரத்தைத் திருடிப் போடுகிறவர்கள் உண்டு. இரண்டாவது, பணம் கட்டும் கடைசிப் பக்கம். முதல் பக்கத்தில் எல்லா கார்டுகளின் சின்னமும் இருக்கும். பொருளைக் கூடையில் போட்டுக் கடைசிக்கு வந்தால் ‘ஃபோர்காஸ’, அதாவது முன்கூட்டியே வங்கிக்கு அனுப்புவது மட்டும்தான் மிஞ்சும். போலிக் கடைகளின் முக்கியமான அடையாளம் இது. அதற்கு நேர் எதிர் ‘ரெஷ்னுங்’: பொருள் கைக்கு வந்த பிறகு பில்லைப் பார்த்துக் கட்டுவது. புதிய கடையில் அந்த வசதி இருந்தால் அதையே எடுங்கள்.

ஜெர்மன் நுகர்வோர் மையங்கள் நடத்தும் ‘ஃபேக்ஷாப் ஃபைண்டர்’ என்ற பக்கத்தில் தளத்தின் முகவரியைப் போட்டால் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று காட்டும். நல்ல கடையில் வாங்கிப் பிடிக்காமல் போனால், ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் வாங்கிய பெரும்பாலான பொருட்களைக் காரணம் சொல்லாமலே 14 நாளுக்குள் திருப்பித் தரலாம். தனி நபரிடம் வாங்கிய பழைய பொருளுக்கு அது பொருந்தாது.

துபாயில் வேலை. ஊரில் அப்பா அம்மாவுக்கு அடிக்கடி இணையத்தில் பொருள் அனுப்புவேன். போன மாதம், நான் அனுப்பாத ஒரு பொட்டலம் வந்து, “உங்க பையன் ஆர்டர் பண்ணினது” என்று சொல்லி அம்மாவிடம் பணம் வாங்கிப் போய்விட்டார்கள். இன்னொரு நாள், “ரீஃபண்ட் வந்திருக்கு, க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க” என்று அப்பாவுக்கு அழைப்பு. இங்கிருந்து என்ன செய்ய முடியும்? எங்கே புகார் கொடுப்பது?
(வாசகர், ஐக்கிய அரபு அமீரகம்)

அவர்களிடம் இரண்டே விஷயம் சொல்லி வையுங்கள். ஒன்று, “நான் அனுப்புவது எல்லாமே பணம் கட்டியது, வாசலில் யார் வந்து காசு கேட்டாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.” நீங்களும் ‘கேஷ் ஆன் டெலிவரி’யை ஒருபோதும் போடாதீர்கள், ஒரு முறை போட்டாலும் அம்மாவுக்குக் குழப்பம் வரும். அடுத்தது யுபிஐ: நமக்குப் பணம் வர ‘பின்’ (PIN) என்ற ரகசிய எண் தேவையே இல்லை. அந்த எண்ணைக் கேட்டால் பணம் நம்மிடமிருந்து போகப் போகிறது. அப்பாவுக்கு இதை போனில் சொல்வதைவிட, பெரிய எழுத்தில் எழுதி போன் வைக்கும் இடத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.

எங்கே புகார் கொடுப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். பணம் எந்த நாட்டுக் கணக்கிலிருந்து போனதோ, அந்த நாட்டு வங்கியில்தான் முதல் அழைப்பு. இந்தியக் கணக்கு என்றால் அப்பா 1930-ஐ அழைக்கலாம், இல்லாவிட்டால் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பதியலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க அவ்வளவு வாய்ப்பு. உங்கள் துபாய் கார்டிலிருந்து போயிருந்தால் அங்குள்ள வங்கி, பிறகு துபாய் காவல்துறையின் இ-கிரைம் தளம்.

மலேசியாவில் டிக்டாக் நேரலையில் விற்பவர் ஒரு கணக்கு எண் கொடுக்கிறார். சோதிக்க வழி உண்டா?
(வாசகி, கோலாலம்பூர்)

உண்டு. மலேசியக் காவல்துறையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் கணக்கு எண்ணையோ போன் எண்ணையோ போட்டால், அதன் மேல் புகார்கள் இருக்கின்றனவா என்று காட்டும். புகார் இல்லை என்று வந்தாலும், அது இன்னும் புகார் வராத புதுக் கணக்காக இருக்கலாம். டிக்டாக் ஷாப்பின் கூடைக்குள்ளேயே வாங்குங்கள், வெளியே கணக்குக்கு அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டால் உடனே வங்கியையும் 997 என்ற எண்ணையும் அழையுங்கள்.

உங்கள் வீட்டில் கல்லூரிப் பிள்ளைகள் இருந்தால் ஒன்று சொல்லுங்கள்: “உன் கணக்கில் கொஞ்சம் பணம் வரும், எடுத்து அனுப்பினால் கமிஷன்” என்று யார் கேட்டாலும் மறுக்க வேண்டும். இந்த ஏமாற்றுப் பணமெல்லாம் அப்படிப்பட்ட கணக்குகள் வழியாகத்தான் ஓடுகிறது. முதலில் பிடிபடுவது அந்தப் பிள்ளைதான். வெளிநாட்டு மாணவராக இருந்தால் விசாவும் போகும் அபாயம் இருக்கிறது.

அமெரிக்காவில் ஸெல் (Zelle) என்ற உடனடிப் பணப் பரிமாற்றச் சேவை வழியாக ஒரு விற்பனையாளருக்கு அனுப்பி ஏமாந்துவிட்டேன். திரும்ப வருமா?
(வாசகர், நியூ ஜெர்சி)

கடினம். ஆனாலும் வங்கியில் எழுத்தில் புகார் கொடுங்கள், அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசியின் மோசடிப் புகார்ப் பக்கத்திலும் பதியுங்கள். ஸெல் என்பது தெரிந்தவர்களுக்கு அனுப்ப மட்டும்தான். கிரெடிட் கார்டாக இருந்திருந்தால், பில் வந்த 60 நாளுக்குள் எழுத்தில் மறுப்புத் தெரிவிக்கச் சட்டமே இடம் தருகிறது. கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணைச் சொல்லச் சொன்னால் அது மோசடிதான், யோசிக்கவே வேண்டாம்.

இணைய முகவரிக்கு முன்னால் பூட்டுச் சின்னம் இருந்தால் பாதுகாப்பு என்று சொல்லித் தந்தார்களே?
(வாசகி, பாரிஸ்)

நீங்கள் தட்டுவதை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதற்கு மட்டுமே அது உத்தரவாதம். போய்ச் சேரும் இடத்தில் இருப்பவர் திருடராக இருந்தாலும் பூட்டு இருக்கும். மக்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றே 2023-ல் குரோம் உலாவி அந்தச் சின்னத்தை எடுத்துவிட்டது.

ஏமாந்ததைப் பற்றி ஒரு முகநூல் பதிவு போட்டேன். உடனே ஒருவர் தொடர்புகொண்டு, பணத்தை மீட்டுத் தருகிறேன், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்கிறார். வழக்கறிஞர் அடையாள அட்டையும் அனுப்பியிருக்கிறார். கணவரிடம் இன்னும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும் முன் பணத்தை எடுத்துவிட்டால் போதும் என்றிருக்கிறது.
(வாசகி, ஊர் வேண்டாம்)

அம்மா, கட்ட வேண்டாம். அவரும் அதே கூட்டம்தான், அல்லது அதே கூட்டத்திடமிருந்து உங்கள் எண்ணை வாங்கியவர். ஏமாந்தவர்களின் பட்டியல் கைமாறி விற்கப்படுகிறது. வங்கி, காவல்துறை, ஆம்புட்ஸ்மேன் யாருமே பணத்தை மீட்டுத் தர முன்கூட்டிக் கட்டணம் கேட்க மாட்டார்கள். அவரை பிளாக் செய்துவிட்டு, முகநூல் பதிவையும் நண்பர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றுங்கள்.

கணவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். அறிவுரை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. கூட்டுக் கணக்காக இருந்தால் வங்கி அவரிடமும் பேச வேண்டியிருக்கலாம், மறைத்து வைக்கிற ஒவ்வொரு நாளும் கெடுவிலிருந்து ஒரு நாள் குறைகிறது. உங்கள் வீட்டில் இதைச் சொல்ல உண்மையிலேயே பயம் இருக்கிறதென்றால், எனக்கு மறுபடி எழுதுங்கள். இப்போதைக்கு உங்கள் கார்டின் பின்பக்கம் இருக்கும் எண்ணை அழைத்து, எந்தத் தேதியில், எவ்வளவு, எந்த வழியாகப் போனது என்ற மூன்றையும் சொல்லி, புகார் எண்ணை வாங்கிக் குறித்து வையுங்கள். மொழி தடையாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், பல பெரிய வங்கிகளில் அந்த வசதி இருக்கிறது.